காற்றும் கணக்கும்

ஆற்றில் புதுப்புனல் பெருகிவரும் நாளில் பாலத்தின்மேல் நின்று கீழே நோக்கியவர் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். ஒழுங்காக ஓடிவரும் நீர், பாலத்தின் தூணை அணுகியதும் இரண்டாகப் பிளக்கின்றது. தூணின் இரு மருங்கும் விரைந்து செல்கின்றது. தூணைக் கடந்தபின் சுழியாகச் சுழல்கின்றது. வலப்புறத்தே ஒரு சுழி, இடப்புறத்தே ஒரு சுழி என அவை மாறிமாறித் தோன்றி மறைகின்றன. ஒரு கணம் இருந்த சுழி மறுகணம் இல்லை. இக்காட்சியை நெடுநேரம் நின்று பார்க்கலாம். ஆயினும், "அடுத்த கணத்தில் இந்நீர் எவ்வாறு ஓடும்?" என்று ஒருவர் வினவுவாராயின், நாம் விடை கூறமாட்டாது திகைப்போம்.

மாணவர்களே, அவ்வினாவுக்கு விடை கூறியே ஆகவேண்டிய கடமை உடையவர் ஒருவர் உளர். அவரே பொறியாளர். நீரும் காற்றும் தமக்கென ஒரு வடிவம் இல்லாதன. வைத்த கலத்தின் வடிவைக் கொள்வன. சிறிது தள்ளினும் பாய்வன. ஆதலின் அறிவியலார் அவற்றைப் பாய்மம் என்னும் ஒரு பெயரால் வழங்குவர். வானூர்தியின் சிறகு, கப்பலின் அடிப்பகுதி, நீர்மின் நிலையத்தின் சுழலி, ஏவுகலத்தின் கூர்நுனி, நெடிய பாலம் ஆகிய யாவும் பாய்மத்தின் நடுவே நின்று தொழிற்படுவன. அவற்றைச் சூழ்ந்து பாய்மம் எவ்வாறு ஓடும், எங்கே அழுத்தும், எங்கே சுழலும் என்பதனை முன்னரே அறிந்தாலன்றி, அவற்றைப் பழுதின்றி அமைத்தல் இயலாது.

அறியாமல் அமைத்தால் விளைவது யாது? அமெரிக்க நாட்டின் வாசிங்டன் மாநிலத்தில், டகோமா நகரின் அருகே, கடற்கழியின் குறுக்கே தொங்குபாலம் ஒன்று கட்டினர். அதன் நடுப்பகுதி மட்டும் 2,800 அடி நீளமுடையது. 1940 ஆம் ஆண்டு சூலை 1 ஆம் நாள் அது திறக்கப்பெற்றது. அதன்மேல் ஏறும் வண்டிகளின் சுமையைத் தாங்கும் வலிமை அதற்கு இருந்தது. காற்று நேரே வந்து தள்ளும் விசையைத் தாங்கும் வலிமையும் இருந்தது. ஆனால், பாலம் அசைய அதனால் காற்றோட்டம் மாறுவதையும், மாறிய காற்றோட்டம் பாலத்தை மேலும் அசைப்பதையும் அக்காலத்தார் எண்ணிப் பார்த்திலர். அவ்வாண்டு நவம்பர் 7 ஆம் நாள் மணிக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர் விரைவில் காற்று வீசிற்று. சூறைக்காற்று என்று சொல்லத்தக்க வேகம் அன்று அது. எனினும் பாலம் ஒரு துணியைப்போல முறுக்கிக்கொண்டு ஆடி, இற்றுக் கடற்கழியில் வீழ்ந்தது. நல்வினைப் பயனாக மனிதர் ஒருவரும் இறந்திலர். ஆனால், இரும்பினும் வலியது என்று எண்ணியதைக் கண்ணுக்குத் தெரியாத காற்று முறித்துவிடும் என்னும் பாடத்தை உலகம் அன்று கற்றது.

பாய்மத்தின் போக்கை அறிவதற்கு முன்னோர் கண்ட வழி, சிறிய உருவம் ஒன்று செய்து, அதன்மேல் காற்றைச் செலுத்திப் பார்த்தலாகும். இதற்கு அமைந்த கூடத்திற்குக் காற்றுச் சுரங்கம் என்று பெயர். வானூர்தியைக் கண்ட ரைட் உடன்பிறந்தார் இருவரும் 1901 ஆம் ஆண்டில் டேட்டன் நகரில், 6 அடி நீளமுள்ள ஒரு மரப்பெட்டியின் ஒரு முனையில் விசிறியை அமைத்து, ஏறத்தாழ 200 சிறு சிறகு வடிவங்களை அதனுள் வைத்து ஆராய்ந்தனர். அவ்வுழைப்பின் பயனாகவே 1903 ஆம் ஆண்டு டிசம்பர் 17 ஆம் நாள் அவர்களுடைய ஊர்தி வானில் எழுந்தது.

காற்றுச் சுரங்கம் இன்றும் பயன்படுவதே. எனினும் அதற்குக் குறைகள் உண்டு. வடிவத்தில் ஒரு விரற்கடை மாற்றம் செய்தாலும் புதிய உருவம் ஒன்று செய்யவேண்டும். அதற்குப் பொருளும் காலமும் மிகுதியாக வேண்டும். மேலும், சிறிய உருவத்தின்மேல் காற்று ஓடும் முறையே பெரிய உருவத்தின்மேலும் எப்போதும் நிகழும் என்பதற்கில்லை. ஆதலின், உருவமே செய்யாமல், கணக்கினாலேயே பாய்மத்தைப் போலச் செய்து காண இயலுமா என்னும் ஆராய்ச்சி எழுந்தது.

கணக்கிற்கு வேண்டிய சமன்பாடுகள் பழமையானவை. பிரெஞ்சு நாட்டில் பாலங்கள் அமைக்கும் பொறியாளராக விளங்கிய நேவியர் என்பார் 1822 ஆம் ஆண்டில் அவற்றை முதலில் எழுதினார். இங்கிலாந்தில் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டோக்ஸ் என்பார் 1845 ஆம் ஆண்டில் அவற்றைத் திருத்தமுற விளக்கினார். பொருளின்மேல் விசை செலுத்தினால் அதன் வேகம் மாறும் என்பது நியூட்டன் கூறிய விதியன்றோ? அவ்விதியையே பாய்மத்தின் ஒவ்வொரு துளிக்கும் பொருத்திக் கூறுவன அச்சமன்பாடுகள். பார்வைக்கு அவை சில வரிகளே. ஆனால் ஒரு துளியின் போக்கு அண்டைத் துளிகளைச் சார்ந்திருக்கின்றது. அண்டைத் துளிகளின் போக்கோ இத்துளியைச் சார்ந்திருக்கின்றது. ஆகவே முடிச்சு எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பது புலனாவதில்லை. அச்சமன்பாடுகளுக்கு எந்நிலையிலும் ஒழுங்கான தீர்வு உண்டா என்பதனை ஐயமற நிறுவுவோர்க்கு 10 இலட்சம் டாலர் பரிசு தருவதாக கிளே கணித நிறுவனம் 2000 ஆம் ஆண்டில் அறிவித்தது. அம்முடிச்சின் அருமையை இதனால் உணரலாம்.

முழுமையாக அவிழ்க்க இயலாத முடிச்சைச் சிறிது சிறிதாக அவிழ்க்கும் வழி ஒன்று உண்டு. உழவர் பெருவயலைப் பாத்தி பாத்தியாகப் பிரிப்பதைக் கண்டிருக்கிறீர்கள். ஒரு பாத்தியில் எவ்வளவு நீர் மடைவழியே புகுந்தது, எவ்வளவு வெளியேறியது, எவ்வளவு எஞ்சியது என்று கணக்கிடுதல் எளிது. இவ்வாறே, வானூர்தியைச் சூழ்ந்த வெளியைப் பல சிறு அறைகளாகப் பிரித்ததாகக் கருதுவர். ஒவ்வோர் அறையிலும் காற்றின் அழுத்தம் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, முன்னும் பின்னும், பக்கவாட்டிலும், மேலும் கீழும் அது செல்லும் வேகம் எவ்வளவு என ஐந்து எண்களைக் குறித்துக்கொள்வர். அண்டை அறைகளிலிருந்து புகுவதையும் அவற்றிற்குச் செல்வதையும் கணக்கிட்டு, மிகச் சிறிய கால அளவு கழிந்தபின் அவ்வைந்து எண்களும் எவ்வாறு மாறும் என்று காண்பர். எல்லா அறைகளுக்கும் இவ்வாறு கண்டபின், மீண்டும் முதலிலிருந்து தொடங்கி அடுத்த கால அளவுக்குக் கணக்கிடுவர். கூட்டலும் கழித்தலும் பெருக்கலும் வகுத்தலும் அறிந்தோர் எவரும் செய்யத்தக்க கணக்கே இது. அருமை, அதன் கடினத்தில் இல்லை. அதன் அளவில் இருக்கின்றது.

இவ்வழியைத் துணிந்து மேற்கொண்ட பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டு அறிதல் வேண்டும். அவர் பெயர் லூயிஸ் பிரை ரிச்சர்ட்சன். இங்கிலாந்தில் 1881 ஆம் ஆண்டில் பிறந்தவர். போரைச் சிறிதும் விரும்பாத குவேக்கர் சமயத்தைச் சார்ந்தவர். முதல் உலகப்போர் மூண்டபோது படைக்கலம் ஏந்த மறுத்து, 1916 ஆம் ஆண்டு முதல் பிரெஞ்சு நாட்டில் காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் வண்டியின் ஓட்டுநராகத் தொண்டு செய்தார். போர்முனையின் அண்மையில், குளிர்ந்த தங்குமிடத்தில், வைக்கோற் குவியலே மேசையாக, ஓய்வு கிடைத்த நேரங்களில் அவர் ஒரு கணக்கைச் செய்துகொண்டிருந்தார். 1910 ஆம் ஆண்டு மே மாதம் 20 ஆம் நாள் காலையில் ஐரோப்பாவின் நடுப்பகுதியில் இருந்த வானிலையை எடுத்துக்கொண்டு, 6 மணி நேரத்தில் அஃது எவ்வாறு மாறியிருக்கும் என்று கணக்கினாலேயே காண முயன்றார். அக்கணக்கு அவருக்கு ஏறத்தாழ ஆறு வாரங்கள் பிடித்தது. 1917 ஆம் ஆண்டுப் போரின் குழப்பத்தில் அவருடைய கையெழுத்துப்படி காணாமற்போய், சில திங்கள் கழித்து, பெல்ஜிய நாட்டில் ஒரு நிலக்கரிக் குவியலின் அடியில் கிடைத்தது.

விடை என்னாயிற்று? காற்றின் அழுத்தம் 6 மணி நேரத்தில் 145 மில்லிபார் மாறும் என்று கணக்குக் கூறிற்று. உண்மையிலோ அன்று அழுத்தம் ஏறத்தாழ மாறாமலே இருந்தது. ஒருவர் இத்தகைய தோல்வியைக் கண்டால் தம் ஏடுகளைத் தீயிலிட்டு விடுவர். ரிச்சர்ட்சன் அவ்வாறு செய்திலர். தாம் கொண்ட முறை, செய்த கணக்கு, பெற்ற தவறான விடை ஆகிய அனைத்தையும் ஒளியாது எழுதி 1922 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். தம் வெற்றியை உலகுக்கு உரைப்பார் பலர். தம் பிழையைப் பிறர் திருத்துதற்பொருட்டு உரைப்பார் மிகச் சிலரே.

அந்நூலில் அவர் கற்பனை ஒன்றை வரைந்துள்ளார். வட்டமான ஒரு பெருங்கூடம். அதன் சுவர்களில் உலகப்படம் தீட்டப்பட்டிருக்கின்றது. அப்படத்தின் ஒவ்வொரு பகுதியின் அருகிலும் கணக்கர் அமர்ந்து, தத்தம் பகுதியின் கணக்கை மட்டும் செய்கின்றனர். விடையை அண்டையிலுள்ளார்க்குத் தெரிவிக்கின்றனர். கூடத்தின் நடுவே உயர்ந்த மேடையில் தலைவர் ஒருவர் நின்று, விரைந்து முன்னோடுவோர்மேல் செந்நிற ஒளியையும், பின்தங்குவோர்மேல் நீலநிற ஒளியையும் பாய்ச்சி, எல்லாரையும் ஒரே நடையில் செல்லச் செய்கின்றார். வானிலை மாறும் விரைவிற்கு ஈடுகொடுத்துக் கணக்கிட 64,000 கணக்கர் வேண்டும் என்று அவர் மதிப்பிட்டார். அன்று அஃது ஒரு கனவு. அக்கனவு நனவான வரலாறே இப்பாடத்தின் உள்ளீடு ஆகும்.

மின்னணுக் கணிப்பொறி தோன்றியபின் மனிதக் கணக்கரின் இடத்தை அது கொண்டது. 1950 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் எனியாக் என்னும் கணிப்பொறியைக்கொண்டு, 24 மணி நேரத்திற்குப் பின் நிகழும் வானிலையைக் கணித்தனர். அதற்குப் பிடித்த நேரமும் ஏறத்தாழ 24 மணியே. நாளைய நிலையை அறிவதற்குள் நாளை வந்துவிட்டது! ஆயினும் வழி திறந்துவிட்டது. பின்னர்க் கணிப்பொறிகள் ஆண்டுக்கு ஆண்டு விரைவு பெற்றன. பொறியாளரும் வானூர்தி, சுழலி முதலியவற்றைக் கணிப்பொறியின் வாயிலாக ஆராயத் தொடங்கினர்.

ஆனால் அறைகளின் பெருக்கமோ கணிப்பொறியின் விரைவை விழுங்கிக்கொண்டே வந்தது. ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். கனசதுரமான ஒரு வெளியின் நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றையும் 100 பகுதிகளாக்கினால் 10 இலட்சம் அறைகள் உண்டாகும். ஒரு கால அளவில் ஓர் அறைக்கு 1,000 சிறு கணக்குகள் வேண்டும் என்றும், 10,000 கால அளவுகளுக்குக் கணக்கிட வேண்டும் என்றும் கொள்வோம். மொத்தம் 10 இலட்சம் கோடிக் கணக்குகள் ஆகும். ஒருவர் உண்ணாமலும் உறங்காமலும் நொடிக்கு ஒன்றாகச் செய்தால், 3 இலட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும்! இனி, சிறு சுழிகளையும் காணவேண்டி ஒவ்வொரு பக்கத்தையும் 100க்கு மாறாக 200 பகுதிகளாக்கினால், அறைகள் 8 மடங்காகும். அறை சிறிதானால் கால அளவையும் சிறிதாக்கவேண்டும், இல்லையேல், ஓர் அறையைக் காணாமலேயே காற்று தாண்டிச் சென்றுவிடும், கணக்கும் நிலைகுலையும். ஆகவே வேலை 16 மடங்காகும். பாய்மத்தை இருமடங்கு நுட்பமாகக் காண விரும்பினால், பதினாறு மடங்கு உழைப்பை விலையாகத் தரவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

கணிப்பொறியின் நடுவே இருந்து அதனை இயக்கும் உறுப்பினை மையச் செயலி என்பர். அதனைப் பல கலை கற்ற ஒரு பெரும்புலவர்க்கு ஒப்பிடலாம். எவ்வகை வேலையைக் கொடுத்தாலும் அது செய்யும். இடையிடையே 'இவ்வாறாயின் இது, அவ்வாறாயின் அது' என ஆராய்ந்து முடிவு செய்யும். ஆனால் அத்தகைய புலவர் பலரை ஓரிடத்தில் சேர்த்தல் அரிது. ஒரு மையச் செயலியில் கணக்கிடும் உட்கருக்கள் சிலவாகவோ பலபத்தாகவோ இருக்கும், ஆயிரக்கணக்கில் இரா.

இந்நிலையில் உதவி, எவரும் எதிர்பாராத ஓரிடத்திலிருந்து வந்தது. அவ்விடம் விளையாட்டுக் கூடம். கணிப்பொறித் திரையில் தோன்றும் படம், நுண்ணிய படப்புள்ளிகளால் ஆயது. அகலத்தில் 1,920 புள்ளிகளும் உயரத்தில் 1,080 புள்ளிகளும் உடைய திரையில் மொத்தம் 20,73,600 புள்ளிகள் உள்ளன. திரை விளையாட்டுகளில் உருவங்கள் தடையின்றி ஓடித் தோன்ற, நொடிக்கு 60 முறை படத்தைப் புதிதாக வரையவேண்டும். அஃதாவது நொடிதோறும் 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளின் நிறத்தைக் கணக்கிட்டு அறியவேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் செய்யும் கணக்கு ஒரே வகையானது, எளியது. இதற்குப் பெரும்புலவர் வேண்டா. எளிய கணக்கர் பல்லாயிரவர் போதும். இக்கருத்தால், சிறிய கணக்குறுப்புகள் மிகப் பலவற்றை ஒரே சில்லில் அடக்கி ஆக்கப்பட்ட கருவியே வரைகலைச் செயலி ஆகும். 1999 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு என்விடியா நிறுவனம் தன் சில்லு ஒன்றினை இப்பெயரால் வழங்கியபின் இச்சொல் பரவிற்று.

இச்செயலி தொழிற்படும் முறையை உங்கள் வகுப்பறையிலேயே காணலாம். ஆசிரியர், "உம்மிடம் உள்ள எண்ணோடு வலப்பக்கத்தார் எண்ணைக் கூட்டி, இரண்டால் வகுக்க" என்று கட்டளை இடுகின்றார். மாணவர் அனைவரும் தத்தம் பலகையில், தமக்குரிய எண்ணைக்கொண்டு, ஒரே நேரத்தில் அக்கணக்கைச் செய்து முடிக்கின்றனர். கட்டளை ஒன்று, கைகள் பல. மாணவர் ஒவ்வொருவரும் ஆசிரியரினும் மெதுவாகவே கணக்கிடலாம். எனினும் நாற்பது கணக்குகள் ஒரு கணக்கின் நேரத்தில் முடிந்துவிடுகின்றன. மலைபோன்ற தேரை ஒரு மல்லன் அசைக்கமாட்டான். ஊர்கூடி வடம் பிடித்தால் அது நிலைவந்து சேரும்.

இப்போது பாய்மத்தின் கணக்கை மீண்டும் நினைவுகூர்க. அங்கும் அறைகள் பல; ஒவ்வோர் அறைக்கும் கணக்கு ஒரே வகை; தேவையான செய்தியோ அண்டை அறைகளிலிருந்து மட்டும் வருவது. படப்புள்ளியின் இடத்தில் காற்றறையை வைத்தால், படம் வரையும் செயலி பாய்மத்தைக் கணக்கிடும் செயலி ஆகிவிடும். இவ்வொற்றுமையை அறிஞர் சிலர் 2000 ஆம் ஆண்டினை ஒட்டிய காலத்தில் உணர்ந்தனர். தொடக்கத்தில் அவர்கள் பட்ட இடர் பெரிது. செயலிக்குப் படத்தின் மொழியன்றிப் பிறிதொன்றும் தெரியாது. ஆகவே காற்றின் வேகத்தை நிறமாக மாற்றி எழுதி, படம் வரைவதுபோலப் பாவனை செய்து, வந்த படத்தை மீண்டும் எண்ணாக மாற்றிப் படித்தனர். 2007 ஆம் ஆண்டில் என்விடியா நிறுவனம், கூடா என்னும் பெயருடைய ஏற்பாட்டினை வெளியிட்டுச் செயலியோடு கணக்கின் மொழியிலேயே பேச வழிசெய்தது. நம் செவிக்குக் 'கூடா' என ஒலிப்பினும், பல்லாயிரம் உறுப்புகள் கூடித் தொழில் செய்தற்கே அது துணை புரிந்தது.

இச்செயலிக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. கணக்கிடும் கை எவ்வளவு விரைவாயினும், எண்களை எடுத்துக் கொடுக்கும் கை தாமதமாயின் பயனில்லை. பாய்மக் கணக்கிலோ எடுக்கவும் வைக்கவும் வேண்டிய எண்கள் கோடிக்கணக்கின. வரைகலைச் செயலியில், எண்கள் தங்கும் நினைவகத்திற்கும் கணக்குறுப்புகளுக்கும் இடையே உள்ள பாதை மிக அகன்றது. களஞ்சியத்திற்கும் அடுக்களைக்கும் இடையே ஒற்றையடிப் பாதை இருப்பதற்கும், வண்டிகள் பல செல்லும் பெருவழி இருப்பதற்கும் உள்ள வேற்றுமை இஃது என்க.

எனினும், செயலிகளைப் பெருக்கினால் விரைவும் அவ்வளவாகப் பெருகும் என்று எண்ணுதல் தவறு. 100 நாள் வேலையில் 10 நாள் வேலை ஒன்றன்பின் ஒன்றாகவே செய்தற்குரியது எனக் கொள்வோம். எஞ்சிய 90 நாள் வேலையை ஆயிரவர் பகிர்ந்து ஒரு நொடியில் முடித்தாலும், அந்தப் 10 நாள் குறையாது. ஆகவே விரைவு பத்து மடங்கினை மீறாது. 1967 ஆம் ஆண்டில் ஜீன் அம்டால் என்பார் இவ்வுண்மையை எடுத்துக்காட்டினார். மேலும், செயலிகள் பலவாயின், ஒன்றன் எல்லையில் உள்ள அறைகளின் செய்தியை மற்றொன்றுக்கு அனுப்பவேண்டும். அனுப்பும் நேரம் கணக்கிடும் நேரத்தை மிஞ்சிவிட்டால், ஆட்கள் பெருகியும் வேலை நடவாது. கணக்கைப் பங்கிடும் திறமே இத்துறையில் பெருந்திறம் ஆகும்.

நம் நாட்டினரும் இத்துறையில் பின்தங்கி நின்றாரல்லர். திருவனந்தபுரத்தில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி நிலையத்தார், ஏவுகலங்களைச் சூழ்ந்து ஓடும் காற்றினை ஆராய்தற்பொருட்டு 2011 ஆம் ஆண்டில் சாகா–220 என்னும் மீக்கணிப்பொறியை அமைத்தனர். அதில் மையச் செயலிகள் 400. வரைகலைச் செயலிகள் 400. ஒவ்வொரு வரைகலைச் செயலியிலும் 448 கணக்குறுப்புகள். மொத்தம் 1,79,200 உறுப்புகள் ஆயின. ரிச்சர்ட்சன் கனவு கண்ட 64,000 கணக்கரைப் போல இஃது ஏறத்தாழ மும்மடங்கு! அன்றியும், அக்கணக்கர் ஒவ்வொருவரும் பல நொடிகளில் செய்வதை இவ்வுறுப்புகள் ஒரு நொடியில் கோடிமுறை செய்தன. அக்கணிப்பொறியின் உச்ச விரைவு நொடிக்கு 220 இலட்சம் கோடிக் கணக்குகள். அதனை அமைக்க ஆன செலவு ஏறத்தாழ 14 கோடி ரூபாய். பின்னாளில் அந்நிலையத்தார் பாய்மக் கணக்கிற்கெனத் தாமே ஆக்கிய ஆணைத்தொகுதி ஒன்றற்குப் பிரவாகம் என்னும் பொருள் தோன்றப் பிரவாகா என்று பெயரிட்டனர். மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் ஏவுகலத்தைச் சூழ்ந்த காற்றோட்டத்தை ஆராய அது பயன்பட்டது.

செவ்வாய்க் கோளில் மனிதரை இறக்குவதற்கு உரிய கலத்தின் ஆராய்ச்சி மற்றொரு சான்றாகும். செவ்வாயின் தரையில் காற்றின் அழுத்தம் நம் நிலவுலகில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்கினும் குறைவு. 2012 ஆம் ஆண்டில் அங்கு இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியின் நிறை ஏறத்தாழ 900 கிலோகிராம். வானில் விரைந்து வந்த அதன் வேகத்தைத் தணிக்கப் பெரிய வான்குடை உதவிற்று. ஆனால் மனிதரைத் தாங்கும் கலம் இருபது டன்னுக்கு மேற்பட்டதாய், ஒரு வீட்டின் அளவினதாய் இருக்கும். அதனைத் தாங்கவல்ல வான்குடை இல்லை. ஆகவே, ஒலியினும் விரைந்து கீழே வரும்போதே, வரும் திசையை நோக்கி எந்திரங்களை எரித்து வேகத்தைத் தணிக்கவேண்டும். கீழிருந்து எதிர்த்துவரும் காற்றும், எந்திரங்களின் தீப்பிழம்பும் மோதும் இடத்தில் எழும் கொந்தளிப்பு கலத்தைப் பக்கவாட்டில் தள்ளக்கூடும். அந்நிலைமைகள் அனைத்தையும் ஒருங்கே நிலவுலகின் காற்றுச் சுரங்கத்தில் உண்டாக்குதல் அரிது. அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் அறிஞர், டென்னசி மாநிலத்து ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் இருந்த சமிட் என்னும் மீக்கணிப்பொறியில் 2019 ஆம் ஆண்டளவில் இக்கணக்கைச் செய்தனர். அக்கணிப்பொறியில் 27,648 வரைகலைச் செயலிகள் இருந்தன. பல திங்கள் பிடிக்கத்தக்க கணக்குகள் சில நாட்களில் முடிந்தன. 2022 ஆம் ஆண்டில் அவ்வாய்வகத்திலேயே நொடிக்கு, ஒன்றன்பின் பதினெட்டுச் சுழியம் இட்ட எண்ணிக்கையில் கணக்கிடும் பிராண்டியர் என்னும் கணிப்பொறி முதன்முதலாக நிறுவப்பட்டது. அதன் விரைவுக்கும் பெரும்பகுதி வரைகலைச் செயலிகளே காரணம்.

இவ்விரைவினால் பொறியாளர்க்கு விளையும் நன்மை யாது? ஒரு கணக்கிற்கு ஒரு திங்கள் ஆகுமாயின், அவர் ஆண்டுக்குப் பன்னிரண்டு வடிவங்களையே ஆராயலாம். தம் மனத்திற்கு உகந்த வடிவத்தோடு அமைதி கொள்வார். ஒரு நாளில் முடியுமாயின், முந்நூறு வடிவங்களை ஆராய்ந்து, தம் முதல் எண்ணம் தவறாயின் அதனைத் தயங்காது கைவிடுவார். தவற்றை மலிவாகவும் விரைவாகவும், உயிர்க்கேடு இன்றியும் கண்டு திருத்துதற்கு வாய்ப்பளிப்பதே இவ்விரைவின் மெய்ப்பயன் ஆகும்.

ஆயினும் ஒன்றை மறத்தல் கூடாது. விரைவு வேறு, உண்மை வேறு. ரிச்சர்ட்சனின் விடை ஏன் தவறிற்று என்பதனைப் பின்வந்த அறிஞர் ஆராய்ந்தனர். அவர் கொண்ட அடிப்படை முறையில் குற்றம் இல்லை. அவர் செய்த கணக்கிலும் பெரும்பிழை இல்லை. கணக்கைத் தொடங்குதற்கு எடுத்துக்கொண்ட காற்றழுத்தமும் வேகமும் ஒன்றோடொன்று இயைந்திராமையே தவற்றிற்குக் காரணம். அவ்வெண்களை முதலில் செப்பம் செய்து, அதே முறையில் கணக்கிட்டபோது ஏற்கத்தக்க விடை கிடைத்தது. இதனால் அறியத்தக்கது யாது? அன்று 64,000 கணக்கர் அவருக்கு வாய்த்திருப்பினும், அவ்வெண்களைக்கொண்டு அதே தவறான விடையையே விரைந்து கண்டிருப்பர். பிழையான தொடக்கத்திற்கு விரைவு மருந்தாகாது. பிழையை விரைந்து வளர்ப்பதே அதன் தொழிலாகும்.

ஆதலின் நல்ல பொறியாளர் கணிப்பொறியின் விடையை உடனே நம்பிவிடார். அறைகளை மேலும் சிறிதாக்கி, விடை மாறுகின்றதா என்று பார்ப்பார். காற்றுச் சுரங்கத்தின் அளவுகளோடு ஒப்பிடுவார். இறுதியில் மெய்யான கலத்தையே செலுத்திச் சோதிப்பார். ககன்யான் திட்டத்தில், இடர் நேருங்கால் வீரர் அமர்ந்திருக்கும் கூண்டினை ஏவுகலத்திலிருந்து பிரித்துக் காக்கும் அமைப்பினை, 2023 ஆம் ஆண்டு அக்டோபர் 21 ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆளில்லாக் கலத்தில் அனுப்பிச் சோதித்தனர். கூண்டு பிரிந்து, வான்குடை விரிய, வங்கக் கடலில் பத்திரமாக இறங்கிற்று. கணக்கு எத்துணை நுட்பமாயினும், உயிர் ஏறும் முன்னர்ச் சோதனை ஏறவேண்டும் என்பதே அவர்கள் கொண்ட நெறி.

மாணவர்களே, விளையாட்டுக்கென ஆக்கிய கருவி ஒன்று வானூர்திக்கும் விண்கலத்துக்கும் துணையாயிற்று. தனித்துச் சிறியவாகிய உறுப்புகள், தத்தம் பங்கினைச் செவ்வனே செய்து, அண்டையாரோடு செய்தியைப் பகிர்ந்து, ஒரே நடையில் சென்றமையால் மலைபோன்ற கணக்கு முடிந்தது. போர்முனையில் வைக்கோற் குவியலின்மேல் தனித்து அமர்ந்து ஒருவர் செய்த கணக்கு தவறாயிற்று. ஆனால் அவர் தம் தவற்றை மறையாது எழுதிவைத்தமையால், அதுவே பிற்காலத்தார்க்கு ஏணியாயிற்று. இனி, பாலத்தின்மேல் நின்று சுழித்தோடும் நீரைக் காணும்போது இவற்றை நினைவிற் கொள்ளுங்கள். "அடுத்த கணத்தில் இந்நீர் எவ்வாறு ஓடும்?" என்னும் வினாவிற்கு இன்னும் முழுவிடை கிடைத்திலது. அவ்விடையைத் தேடும் கூட்டத்தில் நாளை நீங்களும் ஒருவராய் வடம் பிடிக்கலாம்.